இரண்டாம் நம்பர் டப்பா

மதியம் இரண்டு மணிக்கு டாக்டர் நஸ்ரின் வந்து நின்றபோது நான் சகாயமேரியின் முதுகில் சிங்கம் வரைந்துகொண்டிருந்தேன். உடம்பு முடிந்து வாலுக்கு வந்திருந்தேன்.

"முடிச்சிட்டு வாங்க செல்வி. பேசணும்," என்றார்.

எப்போதும் வந்ததும் வராததுமாக மோர் கேட்கிற மனுஷி, அன்றைக்குக் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. பதினான்கு மாதமாக நான் ஒரு திருட்டு வேலை செய்துவந்தேன். யார் முகம் கறுத்தாலும் அதற்காகத்தான் என்று தோன்றும்.

மேரி சோலார் பண்ணையில் தகடு துடைக்கிறவள். நேற்று முதல் எழுத்து, இன்று இரண்டாவது. நாளைக்கு ஒன்று பாக்கி. "ஆடாம இருடி," என்று சொல்லி வாலை ஒரே இழுப்பில் முடித்தேன். இறகைக் கழுவி வைத்தேன்.

நாங்கள் சட்டி பானை செய்கிற குடும்பம். வைகைக் கரையில் யாருக்கு அக்கி வந்தாலும் முதலில் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். காவிக்கல்லைப் பன்னீரில் உரைத்து, கோழி இறகால் கொப்புளங்களைச் சுற்றி எழுதி, கடைசியில் ஒரு சிங்கம் வரைவோம். சிங்கத்தைப் பார்த்தால் அக்கி ஓடிவிடும் என்பது நம்பிக்கை. மூன்று நாள், மூன்று எழுத்து. ஆரம்பித்தால் நடுவில் விடக் கூடாது. இது என் மாமியார் காலத்துக்கும் முந்திய வழக்கம்.

புதிதாக வந்தது காவிக்குள் இருந்த மருந்துதான். அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நஸ்ரின். பதினான்கு மாதத்துக்கு முன்னால் முதன்முதலாக எங்கள் வாசலுக்கு வந்து, மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

"சின்ன வயசுல அம்மை போட்டுச்சில்ல? அந்தக் கிருமி சாகறதே இல்லைங்க. முதுகெலும்பு ஓரமா ஒரு நரம்போட வேர்ல படுத்துத் தூங்கும். வருஷக்கணக்கா தூங்கும். உடம்பு தளர்ந்தா முழிச்சு, அந்த நரம்பு வழியாவே வெளிய வரும். அதான் அக்கி. கொப்புளம் ரெண்டு மூணு வாரத்துல காய்ஞ்சிடும். ஆனா சில பேருக்கு அந்த நரம்பு வலியை மனப்பாடம் பண்ணிடும். கொப்புளம் போயும் வலி போகாது."

"அது எனக்குத் தெரியும் டாக்டரம்மா," என்றேன். உள்ளே என் வீட்டுக்காரர் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாத்திரை இருக்கு. ஆனா கொப்புளம் கிளம்பின மூணு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும். ஆஸ்பத்திரிக்கு ஜனங்க அஞ்சாவது நாள்தான் வர்றாங்க. உங்க வீட்டுக்கு மொத நாளே வந்துடறாங்க. அதனால நாங்களும் உங்க வீட்டுக்கே வந்துட்டோம். மாத்திரையும் இங்கயே குடுப்போம். அதுக்கு மேல, காவிக்குள்ள ஒரு மருந்து. கண்ணுக்குத் தெரியாத துகள். தோலுக்குள்ள இறங்கி நரம்போட வேர் வரைக்கும் போய், வலியை மனப்பாடம் பண்ண விடாம தடுக்கும்."

இப்படி மாவட்டத்தில் பன்னிரண்டு அக்கி வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு டப்பா காவி, ஒரு சின்னப் பெட்டி. நோயாளி பெட்டியின் மேல் விரலை வைத்தால் ஒன்று அல்லது இரண்டு என்று காட்டும். அந்த நம்பர் டப்பாவிலிருந்து எடுத்து எழுத வேண்டும். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் காவி. எது எதுவென்று எனக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது, நஸ்ரினுக்கே தெரியாது. இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல முடியுமாம். நோயாளிகள் எல்லோரும் இதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன்.

யாருக்கும் தெரியாது என்று அவர்கள் எப்படி நம்பினார்களோ! மண்ணைப் பிசைந்தே வளர்ந்த கை இது. தொட்ட மறுநிமிடமே தெரிந்துவிட்டது. வெறும் காவி கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மருந்துக் காவி வழுக்கும். இரண்டாம் நம்பர் டப்பா வெறும் காவி.

இனி என் வீட்டுக்காரர் கதையைச் சொல்லாமல் முடியாது. அவர் பெயர் சோலைமலை. தானாக ஓடும் பேருந்தில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர். வண்டி தன்பாட்டில் போகும். இவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தால் போதும். "உலகத்துலயே சுகமான உத்தியோகம்" என்று பீற்றிக்கொள்வார். மூன்று வருடத்துக்கு முன், நாற்பத்தாறு வயதில், வலது மாரில் அக்கி வந்தது. தடுப்பூசி ஐம்பதுக்கு மேல்தான் போடுவார்கள். அதற்கு நாலு வருடம் பாக்கி இருந்தது. நானே எழுதினேன். கொப்புளம் காய்ந்தது, வலி போகவில்லை. பெல்ட் விழும் அதே இடம். பட்டை பட்டால் தீக்குச்சியைக் கிழித்து வைத்த மாதிரி துள்ளுவார். சும்மா உட்காரும் உத்தியோகமும் போயிற்று.

மின்விசிறிக் காற்று ஆகாது. துண்டு உரசினால் ஆகாது. இரவுக்கு நரம்பு மாத்திரை, பகலில் மரத்துப்போக வைக்கும் ஒட்டுப்பட்டை, அதுவும் இல்லாவிட்டால் மிளகாய்ச் சத்துக் களிம்பு. வலி பாதியாகக் குறையும், ஆனால் ஆள் பாதி தூங்கிக்கொண்டே இருப்பார். பனியனின் வலது பாதியை வெட்டித்தான் கொடுக்கிறேன். தெருவில் பட்டப்பெயரே அரை பனியன். அவரும் சிரித்துக்கொள்வார். நான் சிரித்ததில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஏன் சீக்கிரம் போகவில்லை என்று யார் கேட்டாலும் அவர் ஒரே பதில்தான் சொல்வார். "எனக்குத்தான் சோம்பேறித்தனம். இவ போகச் சொல்லி அடிச்சுக்கிட்டா, நான்தான் கேக்கலை."

அப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வந்தவள் முதுகில் வெறும் காவி பூசு என்று ஒரு பெட்டி சொன்னால் நான் கேட்பேனா? முதல் தடவை இரண்டு என்று காட்டியபோது ஒரு கல்லூரிப் பெண், நெற்றியில் அக்கி, கண்ணுக்குப் பக்கத்தில். நான் ஒன்றாம் டப்பாவைத் திறந்தேன். அதோடு நிற்கவில்லை. அதன் பிறகு எந்த உடம்பிலும் இரண்டாம் டப்பா படவே இல்லை. ஒன்றில் இருப்பதைச் சிக்கனமாக எழுதி எல்லோருக்கும் கொடுத்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. வாராவாரம் வண்டி வந்து டப்பாக்களை நிறுத்துப் பார்க்கும். இரண்டும் குறைந்திருக்க வேண்டும். இரண்டாவதில் இருப்பதைச் சாக்கடையில் ஊற்றியிருக்கலாம். ஆனால் நல்ல மண்ணைச் சாக்கடையில் ஊற்ற எங்கள் ஆட்களில் யாருக்கும் மனசு வராது. பூந்தொட்டிகளுக்குப் பூசினேன். செக்கச்செவேலென்று அழகாக இருந்தன. நஸ்ரினுக்கே ஒன்றைக் கொடுத்தேன். அந்த அளவுக்குத் திமிர்.

கதை இப்போது அன்றைய மதியத்துக்குத் திரும்புகிறது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்ததும் நஸ்ரின் சொன்னார்.

"முடிவு வந்துடுச்சு. ரெண்டு டப்பாவுக்கும் வித்தியாசமே இல்லை."

எனக்குப் புரியவில்லை. "வலி தங்கிப்போன ஆளுங்க ரொம்பக் கம்மிதானே டாக்டரம்மா?"

"கம்மிதான். ரெண்டு பக்கமும், வெறும் மாத்திரை மட்டும் தின்னவங்களை விடவும் கம்மி. மருந்து போட்டவங்களும் நல்லா இருக்காங்க, வெறும் காவி போட்டவங்களும் அதே மாதிரி நல்லா இருக்காங்க. அப்படின்னா மருந்து ஒண்ணும் பண்ணலைன்னுதான் அர்த்தம். பதினோரு வருஷ உழைப்பு, செல்வி. மருந்தை நிறுத்தச் சொல்லிட்டாங்க. நாலு மணிக்கு வண்டி வந்து டப்பாவை எல்லாம் எடுத்துட்டுப் போயிடும்." சிரிக்க முயன்றார். "உங்களுக்கு நல்ல சேதிதான். வெறும் அக்கி எழுத்தே வலியைத் தடுக்குதுன்னு சாயங்காலம் அஞ்சு மணிக்கு அறிக்கை வருது. நாளைக்கு உங்க வாசல்ல டிவிக்காரங்க நிப்பாங்க."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார், கதவு நிலை மாரில் உரசாமல் பக்கவாட்டில் நடந்து. முகமெல்லாம் பல். "பாத்தியா! நம்ம எழுத்துக்கு சர்க்காரே சர்டிபிகேட் குடுக்குது. எங்கம்மா இருந்தா ஆடியிருக்கும்."

வித்தியாசம் எப்படி இருக்கும்? இரண்டு கூட்டத்துக்கும் நான் மருந்தைத்தானே பூசினேன். இரக்கப்பட்டு எல்லோருக்கும் கொடுத்தேன், அதனாலேயே அந்த மருந்து செத்துப்போயிற்று.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். மருந்து போனால் போகட்டும், ஜெயிலுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றியது. அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தோன்றியது.

சுவர் ஓரம் காவி காய்வதற்காகக் குப்புறப் படுத்திருந்த மேரி தலையைத் தூக்கினாள்.

"அக்கா, அப்ப நான் இந்த மாத்திரைய நிப்பாட்டிறலாமா? குமட்டிக்கிட்டு வருது. எழுத்தே போதும்னா எதுக்கு இந்தக் கண்றாவி?"

நஸ்ரின் திடுக்கிட்டுத் திரும்பினார். "இல்லம்மா, மாத்திரை கண்டிப்பா..." என்று ஆரம்பித்தார்.

"நீங்கதானே டாக்டர் எழுத்தே போதும்னீங்க?"

எனக்கு எல்லாம் கண் முன்னால் தெரிந்தது. நாளைக்கு டிவியில் இதே வார்த்தை. அதற்கு மறுநாள் ஊர் ஊராக ஜனங்கள் மாத்திரையை வீசிவிட்டு அக்கி வீட்டு வாசலில் மூன்று நாள் உட்காருவார்கள். வெறும் காவியோடு, நிம்மதியாக. மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் உட்கார்ந்த மாதிரி.

"நிப்பாட்டாதடி," என்றேன். "உனக்கு நான் பூசினது வெறும் காவி இல்ல."

பெட்டி அவளுக்கு இரண்டு என்று காட்டியிருந்தது. நஸ்ரின் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டைவிரலில் தெரிந்தது, நெற்றியில் அக்கி வந்த கல்லூரிப் பெண், பூந்தொட்டிகள், எல்லாம்.

அவர் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார். "ஏன் செல்வி? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா? வெறும் காவி பூசினவங்களையும் நான் அம்போன்னு விடலையே. எல்லாருக்கும் மாத்திரை குடுத்தேனே."

"மாத்திரை தின்னும் சில பேருக்கு வலி தங்கும்னு நீங்கதானம்மா சொன்னீக. அந்தச் சில பேரை நான் எங்கையால பொறுக்கி எடுக்கணுமா?"

"நீங்க பொறுக்கலை. பெட்டி பொறுக்குச்சு."

"பெட்டியா பூசுது? நான்தானே பூசுறேன்."

நஸ்ரின் கைப்பையை அப்போதுதான் தோளிலிருந்து இறக்கி வைத்தார். கொஞ்ச நேரம் விரலால் தரையில் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"இல்லை. ஒத்து வரலை. பன்னண்டு வீட்டுல ஒரு வீடு மட்டும் இப்படிப் பண்ணியிருந்தா வித்தியாசம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மத்த பதினோரு வீட்டுல தெரிஞ்சிருக்கணுமே. சுத்தமா இல்லாம எப்படிப் போகும்?"

சொல்லிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். அவர் கண் எங்கள் வாசலுக்குப் போனது. அங்கே நான்கு சிவப்புப் பூந்தொட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"என் ஆபீஸ் வராண்டாவுல பன்னண்டு இருக்கு," என்றார். "வீட்டுக்கு ஒண்ணு குடுத்தாங்க. பாசத்துல குடுக்கறாங்கன்னு நினைச்சேன். ரோஜா வச்சிருக்கேன்."

போனை எடுத்து திருப்புவனம் பக்கத்து அக்கி வீட்டுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். ஒலியைப் பெரிதாக வைத்தார். நலம் விசாரிப்பு ஒன்றுமில்லை. "அண்ணே, எனக்குக் குடுத்த பூந்தொட்டிக்கு எங்க இருந்து காவி எடுத்தீங்க?"

அந்தப் பக்கம் ஆடு கத்துவது மட்டும் கேட்டது.

"மண்ணை எப்படித்தாயி கீழ கொட்டுறது?" என்றார் அவர் கடைசியில்.

மற்ற வீடுகளையும் கூப்பிட்டார், அதே கதைதான். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை கிடையாது. தொழில் போட்டி, பழைய பங்காளிச் சண்டை, ஆயிரம் இருக்கும். யாரும் யாரிடமும் சொல்லாமலேயே எல்லோரும் ஒரே திருட்டைச் செய்திருந்தோம். மாவட்டம் முழுக்க வெறும் காவி ஒரு உடம்பிலும் படவில்லை.

நஸ்ரினுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொஞ்சம் இரண்டும் செய்தார். பிறகு தலைமை அலுவலகத்துக்குப் பேசினார். பத்து நிமிடம் இங்கிலீஷில் மன்றாட்டு. போனை வைத்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"வாய்ச்சொல்லை நம்பி அறிக்கையை நிறுத்த முடியாதாம். வெறும் காவி மட்டும் பூசினா என்ன ஆகும்னு ஒரு ஆளாவது கையெழுத்துப் போட்டுத் தரணும். ஒண்ணு அஞ்சு மணிக்குள்ள போனா ஒரு மாசம் தள்ளி வைப்பாங்க. மீதியை அந்த மாசத்துல சேக்கணும். இந்த மருந்து வர்றதுக்கு முன்னாடி நீங்க எழுதினவங்க யாராவது நினைவிருக்கா?"

"போட்டோவே இருக்கு. எழுதி முடிச்சதும் சிங்கத்தோட ஒண்ணு எடுத்துக்குவேன். எரநூறுக்கு மேல இருக்கும்."

"அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், வலி இன்னும் இருக்கான்னு கேக்கணும். உங்க எழுத்து அவங்களுக்கு ஒண்ணும் செய்யலைன்னு நீங்களே எழுதிக் குடுக்கற மாதிரிதான் இது. உங்க மேல நடவடிக்கையும் வரும். என் மேலயும் வரும். யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டேன்," என்றேன். யோசிக்கவில்லை. யோசித்தால் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"அப்ப மொத ஆளு யாரு?"

கேட்கவே வேண்டியதில்லை. அரை பனியனோடு நின்றுகொண்டிருந்தார்.

நஸ்ரின் படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். "ஒரு பொய்கூட வேண்டாம் சோலைமலை. நல்ல மனசுல சொன்ன பொய்யாலதான் இவ்வளவும் ஆச்சு. உள்ளதை மட்டும் சொல்லுங்க."

பெயர், வயது, அக்கி வந்த இடம், எத்தனை எழுத்து. வலி எப்படி இருக்கும் என்று கேட்டார். அவர் வழக்கம்போல விளையாட்டாக, "மாமனாரு வீட்டு விருந்து மாதிரிம்மா, போகவே மாட்டேங்குது," என்றார். பிறகு நஸ்ரினின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எரியும். எரிச்சலுக்கு நடுவுல கரண்டு அடிக்கும். மூணு வருசமா இந்தப் பக்கமா படுத்ததில்ல," என்றார். எழுதும் பேனாச் சத்தம் கேட்டது.

"மாத்திரை எந்த நாள் ஆரம்பிச்சீங்க?"

"நாலாவது நாளு."

"தாமதத்துக்குக் காரணம்?"

"எனக்குத்தான் சோம்பேறித்தனம்," என்றார், மூன்று வருடம் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே குரலில். "இவ போகச் சொல்லி..."

"அதை அடிச்சிருங்க," என்றேன்.

நஸ்ரின் பேனாவை நிறுத்தினார்.

"ரெண்டாவது நாளே வலி தாங்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாரு. செருப்பு மாட்டிட்டாரு. நான்தான் மறிச்சேன். இன்னும் ஒரு எழுத்து பாக்கி இருக்கு, நடுவுல எந்திரிச்சுப் போனா எழுதினதெல்லாம் வீணாயிரும்னு சொன்னேன். அக்கி எழுதுறவ புருசனே ஆஸ்பத்திரிக்கு ஓடுனா நாளைக்கு எவன் என் வாசலுக்கு வருவான்னும் சொன்னேன். அதையும் எழுதிக்கோங்க. நடந்தது அதான்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"இதைச் சொல்ல உனக்கு மூணு வருசமாச்சு," என்றார்.

கோபமா, கிண்டலா, தெரியவில்லை. எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன். அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. விழுந்தால் பிடித்துத் தூக்க அவருக்கு வலக்கை வராது. அதனால் விழவில்லை.

தெருமுனையில் டப்பாக்களை எடுக்க வரும் வண்டியின் சத்தம் கேட்டது. நஸ்ரின் வேகவேகமாக எழுதி முடித்து, சத்தமாகப் படித்தார். "தாமதத்துக்குக் காரணம்: நோயாளியின் மனைவி, அக்கி எழுதுபவர், மூன்றாவது எழுத்து முடியும் வரை மருத்துவமனை செல்வதைத் தடுத்தார்." பிறகு என்னைப் பார்த்தார். "சரியா?"

"சரி."

என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கினார். படிவத்தை இடது தொடையில் வைத்து, மாரில் படாமல் குனிந்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். நஸ்ரின் கையை நீட்டியபோது கொடுக்கவில்லை. கையெழுத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் இன்னும் ஏதோ எழுதினார். எழுதி முடித்து நஸ்ரினிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

கோணல் எழுத்து. "மாட்டிய செருப்பைக் கழற்றியது நான்தான்" என்று எழுதியிருந்தார்.